விழாத பந்துக்குச் சொன்ன தீர்ப்பு

முதலில் அநியாயத்தைச் சொல்லிவிடுகிறேன், அதிசயம் அப்புறம் வரட்டும். ஆலங்கிணறு பொங்கல் போட்டியில், பெண்கள் பூப்பந்து இறுதி ஆட்டத்தில், எங்கள் ஊர்ப் பின்வரிசைக்காரி பிரம்மசக்தி அடித்த பந்து இன்னும் ஆகாயத்தில் இருக்கும்போதே, தரை அதைப் பார்ப்பதற்கு முன்பே, அது கோட்டுக்கு வெளியே விழுந்துவிட்டதாக அறிவிக்கப்பட்டது. அறிவித்தவர் நடுவர் தங்கக்கனி சார். எதிர்த்தரப்புக்குச் சாதகம் செய்தாரா என்றால் இல்லை, கை நீட்டி எதுவும் வாங்கினாரா என்றால் அதுவும் இல்லை, அவ்வளவு பெரிய காரணமெல்லாம் பெண்பிள்ளைகள் ஆட்டத்துக்கு எங்கள் ஊரில் யாரும் செலவழிப்பதில்லை. சிறப்பு விருந்தினருக்கு ரயிலுக்கு நேரமாகிவிட்டது, அவ்வளவுதான்.

ஆலங்கிணற்றில் பொங்கல் போட்டி எப்படி நடக்கும் என்று தெரிந்தால்தான் இது புரியும். காலையில் பையன்களின் கபடி, மதியத்தில் பையன்களின் கைப்பந்து, எல்லாம் ஆற அமர, மைக்கில் வர்ணனையோடும் கையில் வடையோடும் நடக்கும். வெயில் சாய்ந்து, மேடையில் நாற்காலி போட்டு, சால்வைகளின் பாலிதீன் உறையைப் பிரிக்கிற நேரத்தில்தான் பெண்கள் ஆட்டம் என்று ஒன்று பாக்கி இருப்பது கமிட்டிக்கு ஞாபகம் வரும். மேடை தயாராகும்வரை கூட்டம் கலைந்துவிடாமல் பிடித்துவைக்க நடத்துகிற ஆட்டம் அது. இதை நான் ஒவ்வொரு வருடமும் கமிட்டிச் செயலாளர் பொன்பாண்டி அண்ணாச்சியிடம் கேட்பேன், அவரும் ஒவ்வொரு வருடமும், "பொம்பளப் பிள்ளைய ஆட்டம் கடைசில இருந்தாத்தான்ம்மா கூட்டம் நிக்கும், அது உங்களுக்குப் பெருமைதான?" என்பார். நான் திருநெல்வேலியில் இயற்பியல் முதுகலை படிக்கிறேன், சனி ஞாயிறு ஊருக்கு வருவேன், வாய் எனக்குக் கொஞ்சம் நீளம் என்பது ஊர் அறிந்தது. 

பூப்பந்து என்றால் இறகு வைத்தது இல்லை. மஞ்சள் கம்பளி நூலில் உருட்டிய, உள்ளங்கைக்குள் அடங்குகிற பந்து. வலைக்கு இந்தப் பக்கம் ஐந்து பேர், அந்தப் பக்கம் ஐந்து பேர், கையில் நரம்பு கட்டிய மர பேட். அன்றைக்கு எதிரே நின்றது கொடிமரத்தூர் அணி, அதன் தலைவி ரெஜினா, சுவரைப் பார்த்து அடிப்பதும் அவளைப் பார்த்து அடிப்பதும் ஒன்றுதான், அடித்தது திரும்பி வந்தே தீரும். ஆளுக்கு ஓர் ஆட்டம் ஜெயித்து, கடைசி ஆட்டமும் சமமாக நின்றபோது, பொன்பாண்டி அண்ணாச்சி மைக்கில், "காலத்தின் அருமை கருதி, அடுத்த பாயிண்ட் எடுக்கவங்களுக்குக் கப்பு" என்றார். அந்த ஒரு புள்ளிக்குப் பந்து போனது, வந்தது, போனது, வந்தது, நிற்கவே இல்லை. விருந்தினர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், அண்ணாச்சி விருந்தினரைப் பார்த்தார், நடுவர் உயர ஸ்டூலில் உட்கார்ந்தபடி அண்ணாச்சியைப் பார்த்தார். அப்போதுதான் தன் காலடியில் தரையோடு தரையாகப் போன பந்தை பிரம்மசக்தி குனிந்து தோண்டி எடுத்து, தென்னை உயரத்துக்குத் தூக்கி, எதிர்ப் பக்கத்தின் கடைசி மூலையை நோக்கி அனுப்பினாள். நடுவர் கையை நீட்டினார். "அவுட்" என்றார். மைக்கில் நன்றியுரை தொடங்கிவிட்டது.

கப்பு கொடிமரத்தூருக்குப் போனது, சால்வை விருந்தினருக்குப் போனது, எல்லோரும் எழுந்து நின்று தேசிய கீதம் பாடினார்கள், விருந்தினரின் கார் புழுதியைக் கிளப்பிக்கொண்டு கிளம்பியது. கம்பத்தில் ஏறிக் குழாய் ஒலிபெருக்கியை அவிழ்த்துக்கொண்டிருந்த மைக் செட்காரர்தான் மேலே பார்த்தார்.

"ஏய், உங்க பந்து அங்க நிக்கிய்யா," என்றார், ஆடு வழிமாறி நிற்பதைச் சொல்வதுபோல.

நின்றது. பின்கோட்டுக்கு நேர் மேலேயோ, கொஞ்சம் உள்ளேயோ, கொஞ்சம் வெளியேயோ, தென்னை உயரத்தில், சாயங்கால வெயில் பட்டு, பழுத்த எலுமிச்சம்பழம்போல நின்றது. காற்று அடித்தது, அசையவில்லை. எல்லோரும் கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்தார்கள். சரி, இருட்டப் போகிறது, நாளைக்கு விழும் என்று நாற்காலிகளை மடக்கினார்கள்.

பிரம்மசக்தி மட்டும் தங்கக்கனி சாரிடம் போனாள். அழவில்லை, கத்தவில்லை, கையில் பேட்டோடு பள்ளிக்கூடத்தில் சந்தேகம் கேட்கிற மாதிரிக் கேட்டாள்.

"சார், நீங்க பாத்தியளா?"

அவர் விசிலைச் சட்டைப் பைக்குள் போட்டார். "நேரமாச்சு தாயி, வீட்டுக்குப் போ," என்றார்.

இதில் அவளுக்கு என்ன போயிற்று என்று கேட்பவர்கள் உண்டு, என் பல்கலைக்கழகத் தோழிகளே கேட்டார்கள். பிளஸ் டூ முடிக்கிற பிள்ளை அவள். மதுரையில் ஒரு கல்லூரியில் விளையாட்டு ஒதுக்கீட்டில் இடம் தருவதாகச் சொல்லியிருந்தார்கள், விடுதி, சாப்பாடு, எல்லாமும் சேர்த்து. முதலிடச் சான்றிதழோடு ஆனி மாதம் போய் நிற்க வேண்டும், இரண்டாம் இடத்துக்கு அங்கே நாற்காலி கிடையாது. கிடைக்காவிட்டால் அவள் அக்கா உட்கார்ந்திருக்கிற இடத்துக்குப் பக்கத்தில், அம்மா வேலம்மாள் உட்கார்ந்திருக்கிற இடத்துக்கு எதிரில், மடியில் பீடித்தட்டோடு அவளும் உட்கார வேண்டியதுதான், தட்டு ஏற்கெனவே வாங்கி வைத்தாயிற்று. அந்தத் தட்டுக்கும் அந்தப் பந்துக்கும் நடுவில்தான் அவள் ஆனி வரை ஆறு மாதமும் நின்றாள்.

பந்து மறுநாள் விழவில்லை, அதற்கு மறுநாளும் விழவில்லை. மின்வாரியத்து லைன்மேன் இரண்டு மூங்கிலைச் சேர்த்துக் கட்டித் துரட்டியால் நெம்பிப் பார்த்தார். சுவரில் அடித்த ஆணிபோல இருக்கிறது, நம்ம டிபார்ட்மென்ட் வேலை இல்லை என்று இறங்கிவிட்டார். கல்யாண வீடியோ எடுக்கிற தம்பி டிரோனை அனுப்பினான். அது பந்தை மூன்று சுற்றுச் சுற்றிவிட்டு மரியாதையாகத் திரும்பி வந்தது. கல்லெறிந்தார்கள், ஒரு கல் பால்காரர் மண்டையில் விழுந்தது, பந்தை நோக்கி எதையும் எறியக் கூடாது என்று பஞ்சாயத்தில் தீர்மானம் போட்டார்கள். அத்தோடு ஊர் அந்தப் பந்துக்குப் பழகிவிட்டது. பஸ் கண்டக்டர்கள் மைதானத்து நிறுத்தத்தை, "பந்துல எறங்குறவங்க வாங்க" என்று கூவத் தொடங்கினார்கள். கரிச்சான் குருவி ஒன்று அதன்மேல் உட்கார்ந்து தட்டான் பிடித்தது. நூல் உருவிக் கூடு கட்டப் பார்த்த அணில்கூட எட்டாமல் ஏமாந்து போயிற்று. கல்யாண ஆல்பங்களில் மாப்பிள்ளை இரண்டு விரலால் பந்தைப் பிடித்திருப்பதுபோல ஒரு படம் கட்டாயமாகிவிட்டது. மைதானத்தில் மட்டும் யாரும் விளையாடவில்லை, யாரும் தடை போடவும் இல்லை. தலைக்குமேல் ஓர் ஆட்டம் முடியாமல் நிற்கிற இடத்தில் இன்னொரு ஆட்டத்தைத் தொடங்க யாருக்கும் கூச்சமாக இருந்தது, பையன்கள் முணுமுணுத்துக்கொண்டே ரைஸ் மில்லில் நெல் காயப்போடுகிற களத்துக்குப் போய்விட்டார்கள்.

அதிசயத்தை ஊர் இப்படி ஒரே வாரத்தில் செரித்துவிட்டது. வழக்கைத்தான் செரிக்க முடியவில்லை. பந்து விழுந்தால் உள்ளே விழுமா, வெளியே விழுமா? காலையில் அதன் நிழல் கோட்டுக்கு வெளியே கிடக்கும், சாயங்காலம் உள்ளே கிடக்கும்; ஆகவே காலையில் டீ குடிக்க வருகிறவர்கள் வெளிக்கட்சி ஆனார்கள், சாயங்காலம் டீ குடிக்க வருகிறவர்கள் உள்கட்சி ஆனார்கள், இரண்டு வேளையும் குடிக்கிறவர்களை யாரும் நம்பவில்லை. ஒரு வீட்டில் பெண் பார்க்க வந்தவர்கள் சொஜ்ஜியைச் சாப்பிட்டு முடித்துவிட்டு, நீங்க உள்ளயா வெளியவா என்று கேட்டு, பதில் சரியில்லை என்று எழுந்து போனார்கள். உள்கட்சிக்கு நான்தான் தலைமை. எறிபொருளின் பாதை என்று மணலில் கோடு கிழித்து, இன்ன கோணத்தில் இன்ன வேகத்தில் கிளம்பியது இங்கேதான் இறங்கும் என்று நிரூபித்தேன். வெளிக்கட்சிக்குத் தலைமை டீக்கடைக்காரர் செல்லையா அண்ணன்; அவர் என் கணக்கை நிதானமாகப் பார்த்து முடித்து, "எல்லாம் சரிம்மா. மாசக்கணக்கா நிக்கிற பந்து ஒங்க கணக்குல எந்த வரில நிக்கி?" என்று கேட்டார். டீக்குக் காசு கொடுத்துவிட்டு, மணலில் கிழித்த கோட்டை நானே காலால் அழித்துவிட்டு வந்தேன்.

சித்திரையில் கோடைமழை பெய்தது, கம்பளிப் பந்து வயிறு நிறைய நனைந்து, மழை நின்ற பிறகும் சொட்டுச் சொட்டாக உதிர்த்தது, சொட்டு விழுந்த இடம் கோட்டுக்கு உள்ளே ஒரு சாண். உள்கட்சி மிட்டாய் கொடுத்தது. அன்றைக்குத் தெற்கே இருந்து காற்று என்றது வெளிக்கட்சி. மிட்டாயை மட்டும் வாங்கிக்கொண்டது.

தங்கக்கனி சார் இந்த இரண்டு கட்சியிலும் இல்லை, அவர் மைதானத்துப் பக்கமே வருவதில்லை. பால் வாங்கக்கூடச் சுற்றிப் பெருமாள் கோயில் தெரு வழியாகப் போனார். ஆனால் ஆலங்கிணறு அப்படி ஒன்றும் பெரிய ஊர் இல்லை. ரேஷன் கடை வரிசையில், பஸ் நிறுத்தத்தில், கல்யாணப் பந்தியில் எதிர் இலையில், எங்கே பார்த்தாலும் பிரம்மசக்தி எழுந்து நின்று வணக்கம் சொல்லி, அதே குரலில், கூட்டாமல் குறைக்காமல் கேட்பாள்: "சார், நீங்க பாத்தியளா?" அவர், "அம்மா நல்லாருக்காளா?" என்பார், "பரீட்சை எப்படி எழுதுன?" என்பார், சாம்பாரை இந்தப் பக்கம் கொண்டுவரச் சொல்வார். அந்தக் கேள்விக்கு மட்டும் பதில் வராது. உப்பு போதுமா என்று கேட்டால்கூட இப்போதெல்லாம் யோசிக்கிறார் என்று அவர் வீட்டம்மா எங்கள் அம்மாவிடம் அழாத குறையாகச் சொன்னார்கள்.

எனக்குப் பொறுக்குமா, ஒருநாள் வழியிலேயே மறித்தேன். "சார், தப்புன்னு உங்களுக்கே தெரியுதுல்லா, மாத்திச் சொல்ல என்ன?"

"நடுவர் தீர்ப்பே இறுதியானதுன்னு விதி இருக்கும்மா. ஒருதடவ மாத்துனா அப்புறம் எவன் மதிப்பான்?"

"விதி இருக்கு சார். பந்துக்குத்தான் தெரியல போல."

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சண்டை போட வசதியாக இருந்திருக்கும். அண்ணாந்தே பார்க்காமல் குடையை விரித்துக்கொண்டு நடந்தார், அன்றைக்கு வெயிலும் இல்லை மழையும் இல்லை.

எங்கள் பள்ளிக்கூடத்து மதில் நெடுக ‘விடாமுயற்சி வெற்றி தரும்’ என்று நீலப் பெயின்டில் எழுதியிருப்பார்கள். தோற்றவர்கள் படிப்பதற்காகத்தான் அதை எழுதுகிறார்கள், ஸ்டூலில் உட்கார்ந்திருப்பவர்கள் படிப்பதற்காக ஒரு வரிகூட எந்த மதிலிலும் இல்லை என்பது என் கட்சி. விடாமல் முயற்சி செய் என்று சொல்பவர்கள் விடாமல் பார்க்கவும் வேண்டாமா? இதை நான் பிரம்மசக்தியிடம் மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டிருந்தேன், அவள் ரேஷன் கிடங்குச் சுவரில் ஒரு பழைய பந்தை, நூல் பிரிந்து கனத்துப்போன பந்தை, அடிப்பதும் எடுப்பதுமாக இருந்தாள். தினமும் காலையில் மைதானத்துக்குப் போய், கடைசியாக எந்த இடத்தில் நின்று அடித்தாளோ அந்த இடத்தில் கொஞ்ச நேரம் நிற்பாள், மேலே பார்ப்பாள், பிறகு இந்தச் சுவருக்கு வந்துவிடுவாள். மதியவெயிலில் காய்ந்த பந்தோடு ஒரு தடவை, தொட்டித் தண்ணீரில் முக்கி எடுத்த பந்தோடு ஒரு தடவை. அவள் அணிப் பிள்ளைகள் நாலு பேரும் முதலில் முறை வைத்து வந்தார்கள், பிறகு மொத்தமாக வந்தார்கள்.

"ஏட்டி, நான் பேசுறது காதுல விழுதா?"

"விழுது யக்கா. சுவரு மட்டும் இன்னும் அவுட் சொல்லல, அதான் விடாம அடிக்கேன்."

"பந்து உள்ளதான் விழும். சொட்டு விழுந்த இடத்த நானே சாண் போட்டுப் பாத்தேன். நீ ஜெயிச்சாச்சு, அத ஒத்துக்கிட வைக்கணும், அதுக்கு எதுக்கு இந்தப் பாடு படுத?"

அவள் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டாள். "உள்ளயா வெளியவான்னு இந்த ஊரே கத்துது, ஒனக்கும் அதுதான். பந்து எறங்கும்போது ரெஜினா என்ன பூப்பறிச்சிட்டா இருப்பா? அவ எடுப்பா யக்கா. எடுத்து எங்கிட்டதான் அடிப்பா. அப்ப நான் எங்க இருக்கணும்?"

 இரண்டு கட்சியும், கோணமும், வேகமும், நிழலும், சொட்டும், எல்லாமே அந்தப் பந்தை ஆட்டத்தின் முடிவாக நினைத்துக்கொண்டிருந்தன. அவளுக்கு மட்டும் அது வலையைத் தாண்டிப்போன இன்னொரு அடி, திரும்பி வரப்போகிற அடி.

"ரெஜினாதான் அங்க இல்லியே," என்றேன், விட்டுக்கொடுக்க மனசில்லாமல்.

"வருவா."

"எப்படிச் சொல்லுத?"

"நானா இருந்தா வருவேன்."

வைகாசியில் பொன்பாண்டி அண்ணாச்சி ஆப்பிளும் சாத்துக்குடியும் நிறைந்த பையோடு வேலம்மாள் வீட்டுக்கு வந்தார். முடியாத ஆட்டம் நிற்கிற மைதானத்துக்கு அடுத்த வருடம் போட்டி கொடுக்க முடியாது என்று மாவட்ட விளையாட்டுச் சங்கத்தில் சொல்லிவிட்டார்களாம். கூட்டு முதலிடம் என்று போட்டு இரண்டு ஊருக்கும் சான்றிதழ் வாங்கித் தருவதாகச் சொன்னார், கல்லூரிக்காரர்கள் ஏற்றுக்கொள்வார்களாம், விசாரித்துவிட்டாராம். பதிலுக்கு ஒன்றே ஒன்று: மைக்கில் நின்று, பந்து வெளியேதான் போனது, எனக்கு ஒரு குறையும் இல்லை என்று பிரம்மசக்தி சொல்ல வேண்டும். அவள் வாயால் சொன்னால் ஆட்டம் முடிந்தது என்று ஆகிவிடும், பந்து தானாக இறங்கிவிடும் என்று யாரோ ஜோசியரும் சொல்லியிருந்தார்.

நான் எதிர்வீட்டுக்காரி, வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டேன். வேலம்மாள் இலையை வெட்டுகிற கத்தரியைக் கீழே வைக்காமலே, "சரின்னு சொல்லிருட்டி," என்றாள். "சர்டிபிகேட்டு சர்டிபிகேட்டுதான? மதுரைல யாரு வந்து பந்தப் பாக்கப் போறா?" அவளைக் குற்றம் சொல்ல என் வாய்க்குக்கூட மனம் வரவில்லை, மூத்தவளைத் தட்டில் உட்கார வைத்த கை அது.

பிரம்மசக்தி பழப் பையைப் பார்த்தாள். நானே, சொல்லித் தொலையேன் என்று ஒரு நிமிஷம் நினைத்துவிட்டேன்.

"மேல நிக்கது பந்தும்மா. கீழ நிக்க வேண்டியவ நான். நான் போயிட்டா அது மட்டும் எதுக்கு நிக்கணும்?"

"ஏட்டி, இது போச்சுன்னா..."

"தெரியும்மா. தட்டுதான்." அந்தப் பக்கமாகப் பார்த்துவிட்டுச் சொன்னாள். "அதுலயும் ஒக்காருதேன். ஆனா பாக்காததப் பாத்தேன்னு சொல்ல மாட்டேன், அத ஏற்கெனவே ஒருத்தரு சொல்லியாச்சு."

கத்தரி நின்றது. பிறகு வேலம்மாள் அண்ணாச்சியின் பையை எடுத்து அவர் கையிலேயே கொடுத்தாள். "பழத்த எடுத்துட்டுப் போங்க அண்ணாச்சி. எங்க வீட்ல யாருக்கும் ஒடம்புக்கு ஒண்ணுமில்ல."

ஆனி பிறந்தது, மலைப்பக்கம் சாரல் இறங்கியது, கல்லூரிச் சேர்க்கைக்கு ஒரு வாரம் இருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை மதிய பஸ்ஸில் கண்டக்டர், "பந்துல எறங்குறவங்க," என்று கூவ, கையில் பேட்டுகளோடு ஐந்து பெண்கள் இறங்கினார்கள். முன்னால் வந்தவள் ரெஜினா, அவள் கையில் ஒயர்கூடை, கூடைக்குள் எங்கள் ஊர்க் கப்பு, பழந்துணியில் சுற்றியிருந்தது. பிரம்மசக்தி சுவரடியில் இருந்து திரும்பிப் பார்த்தாள். ஆச்சரியப்படவே இல்லை.

"தண்ணி குடிக்கியா?" என்றாள்.

"பஸ்லயே குடிச்சாச்சு," என்றாள் ரெஜினா. "சாயங்காலம் நூலு நனைஞ்சு கனக்கும், பாத்துக்கோ. நாங்க எங்கூர்ல நனைச்சு நனைச்சுத்தான் அடிச்சுப் பாத்தோம்." பிறகு, "அந்த சார் வீடு எங்க இருக்கு?" என்று கேட்டாள்.

தங்கக்கனி சார் வாசலில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். பிரம்மசக்தியைப் பார்த்ததும் வழக்கம்போல, "அம்மா நல்லாருக்காளா?" என்று தொடங்கினார். அவள் பேசவில்லை. பேசியது ரெஜினா.

"சார், நான் கொடிமரத்தூர் ரெஜினா. அன்னைக்குப் பின்னால நின்னவ."

"தெரியும்மா. கப்பு வாங்குன பிள்ளதான."

"அதச் சொல்லத்தான் வந்தேன். அன்னைக்குப் பந்து எனக்கு நேராத்தான் வந்துச்சு. நான் கைய ஓங்கிட்டேன். எடுத்திருப்பேன் சார். சத்தியமா எடுத்திருப்பேன். நீங்க அவுட்டுன்னுட்டிய. எங்கூர்ல இந்தக் கப்ப எல்லாரும் விழாத கப்புங்காவ, எங்க அப்பா சுவரப் பாக்கத் திருப்பி வச்சிட்டாரு. அவளுக்கு அநியாயம் பண்ணிட்டியன்னு ஊரு பூரா பேசுது. எனக்கு என்ன பண்ணுனியன்னு ஒரு ஆளு கேக்கல."

நான், அந்த ஊர் பூராவில் முதல் ஆள், ஓரமாக ஒதுங்கி நின்றேன்.

தங்கக்கனி சார் செய்தித்தாளை மடித்தார், மறுபடியும் மடித்தார், இனி மடிக்க முடியாது என்கிற அளவுக்கு மடித்தார். பிறகு எழுந்து உள்ளே போனார். கதவைச் சாத்திக்கொண்டுவிடுவார் என்றுதான் நினைத்தேன். பீரோ திறக்கிற சத்தம் கேட்டது, வீட்டம்மா, "எங்க கெளம்பிட்டிய?" என்று கேட்கிற சத்தம் கேட்டது, வெள்ளைப் பேன்ட்டும் வெள்ளைச் சட்டையும் கழுத்தில் விசிலுமாக அவர் வெளியே வந்து, பெருமாள் கோயில் தெருப் பக்கம் திரும்பாமல் நேராக மைதானத்தைப் பார்த்து நடந்தார்.

அவர் நடந்த தெருவில் இருந்தவர்கள் எல்லாம் பின்னால் வந்தார்கள். டீக்கடை அடுப்பை அணைக்காமலே செல்லையா அண்ணன் வந்தார், உள்கட்சியும் வெளிக்கட்சியும் ஒரே குடைக்குள் வந்தன, வேலம்மாள் பீடி இலைத் தூசி ஒட்டிய கையோடு வந்தாள், மூத்தவளும் வந்தாள், பொன்பாண்டி அண்ணாச்சி கையில் மைக் இல்லாமல் வந்தார், அவரை அப்படிப் பார்ப்பது எல்லோருக்கும் புதிதாக இருந்தது. வலையைக் கட்டினார்கள். கோட்டுக்குச் சுண்ணாம்பு போட்டார்கள். இந்தப் பக்கம் ஐந்து பேர், அந்தப் பக்கம் ஐந்து பேர், தை மாதம் யார் யார் எங்கெங்கே நின்றார்களோ அங்கங்கே நின்றார்கள். பிரம்மசக்தி தன் இடத்தில் நின்றாள், ரெஜினா பந்துக்கு நேர் கீழே கையை ஓங்கியபடி நின்றாள். மேடை இல்லை, சால்வை இல்லை, விருந்தினர் இல்லை, யாருக்கும் ரயில் இல்லை.

தங்கக்கனி சார் ஸ்டூலில் ஏறி உட்கார்ந்தார். ஆறு மாதத்தில் முதல் தடவையாக அண்ணாந்து பார்த்தார். சாரல் அவர் கண்ணாடியில் விழுந்தது, கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"அன்னைக்கு நான் சொன்னத எடுத்துக்கிடுதேன்," என்றார், மைக் இல்லாமலே எல்லோருக்கும் கேட்டது. "பந்து விழல. ஆட்டம் நடக்கு."

பந்து இறங்கியது. ஆறு மாத வெயிலில் வெளுத்து, ஒரு மழையில் ஊறி, இந்தச் சாரலில் மறுபடி கனத்து, தன் வேலையைப் பாதியில் விட்டதாகவே நினைக்காத பந்து, நேராக இறங்கியது, ரெஜினா எடுத்தாள், சொன்னபடியே எடுத்தாள், அவள் எடுத்த சத்தத்தில் ஊரே ஒரு பெருமூச்சு விட்டது, ஆறு மாதமாக நெஞ்சுக்குள் வைத்திருந்த மூச்சு. பந்து வலையைத் தாண்டி வந்தது, பிரம்மசக்தி அங்கே இருந்தாள், அடித்தாள், போனது, வந்தது, முன்வரிசைப் பிள்ளைகள் எட்டித் தடுத்தார்கள், நடுவில் நிற்பவள் விழுந்து எடுத்தாள், எழுந்து எடுத்தாள், போனது, வந்தது, வெளிக்கட்சிக்காரர்கள் யாருக்காகக் கைதட்டுகிறோம் என்று தெரியாமல் தட்டினார்கள், நானும் தட்டினேன், எந்தக் கோணமும் எந்த வேகமும் எனக்கு அப்போது ஞாபகத்தில் இல்லை, இது முடியாமலே இருந்தால்கூட நல்லது என்று ஒரு நிமிஷம் தோன்றியது, போனது, வந்தது, ரெஜினா ஓங்கி அடித்த அடி பிரம்மசக்தியின் இடது காலடிக்கு வந்தது, சுவர் எத்தனையோ காலையில் அவளுக்கு அனுப்பிய அதே அடி, அவள் கையை மாற்றாமல் உடம்பை மாற்றி, தாழ்வாக, வலையின் மேல்நூலைத் தொடாமல் தொட்டுக்கொண்டு போகிற மாதிரி, எதிர்மூலைக்கு அனுப்பினாள். ரெஜினா பாய்ந்தாள். பேட்டின் நுனிக்கும் பந்துக்கும் இடையில் ஒரு விரற்கடை இருந்தது. பந்து தரையில் விழுந்தது, ஈரமண்ணில் தொப்பென்று, எல்லாப் பந்துகளும் விழுவதைப் போல.

 உள்ளே என்று நான் கத்தவில்லை, என் வாழ்க்கையில் நான் அடக்கிய மிகப் பெரிய வார்த்தை அது. ரெஜினா விழுந்த இடத்திலேயே கிடந்து நடுவரைப் பார்த்தாள். தங்கக்கனி சார் கையை நீட்டவில்லை. ஸ்டூலில் இருந்து ஒவ்வொரு படியாக இறங்கினார், நடுவர்கள் அப்படி இறங்குவதில்லை. மூலைக்கு நடந்தார், வெள்ளைப் பேன்ட்டோடு சகதியில் முழங்காலிட்டார், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, பந்து பதிந்த குழிக்கு முகத்தைக் கொண்டுபோனார்.

பிரம்மசக்தி வலையடிக்கு வந்தாள். நெஞ்சு ஏறி இறங்கியது, ஆனால் குரல் ரேஷன் கடை வரிசையில் கேட்ட அதே குரல்தான்.

"சார், நீங்க பாத்தியளா?"

அவர் நிமிரவில்லை. குழியில் ஒட்டியிருந்த ஒரு மஞ்சள் நூலை விரலால் தொட்டார், பக்கத்தில் இருந்த சுண்ணாம்புக் கோட்டைத் தொட்டார், இரண்டுக்கும் நடுவே கையை விரித்து அளந்தார்.

"பாத்தேன் தாயி," என்றார். "உள்ளதான்."